எழுதும் கையும் தடுக்கும் மனமும்

எழுத வேண்டும் என்னும் விருப்பம் உடையோர் பலர். அவருள் எழுதத் தொடங்குவோர் சிலர். தொடங்கியதை முடிப்போர் மிகச் சிலரே. இதற்குக் காரணம் அறிவின்மை அன்று. சொல்வளம் இன்மையும் அன்று. திண்ணையில் அமர்ந்து அயலவரோடு உரையாடும்போது ஒரு நிகழ்ச்சியைக் கேட்போர் கண்முன் கொண்டுவந்து நிறுத்த வல்லவர் ஒருவர், அதனையே எழுதித் தருமாறு கேட்கப்பட்டதும் பேனையைப் பிடித்தபடி செயலற்று இருந்துவிடுகின்றார். ஒரு வாக்கியம் எழுதுகின்றார், அது பிடிக்கவில்லை, வெட்டுகின்றார். மீண்டும் எழுதுகின்றார், அதனையும் வெட்டுகின்றார். அரை மணி நேரம் கழிந்தபின் கொப்பியில் எஞ்சியிருப்பவை வெட்டுக் கோடுகளே. "எழுத்து நமக்கு வராது" என்று கொப்பியை மூடிவிடுகின்றார். அவர் சொல்லியிருக்கக் கூடியது எதுவோ அது அவரோடு நின்றுவிடுகின்றது.

எழுதுகின்ற ஒவ்வொருவருள்ளும் இருவர் இருக்கின்றனர். ஒருவர் ஆக்குபவர், மற்றவர் ஆராய்பவர். ஆக்குபவர் சொற்களைக் கொண்டுவந்து குவிக்கின்றார். ஆராய்பவர் அவற்றுள் நல்லவற்றைக் கொண்டு அல்லவற்றைத் தள்ளுகின்றார். இருவரும் வேண்டியவரே. ஆயின் இருவரும் ஒரே வேளையில் ஒரே மேசையில் அமர்வார்களானால், ஆக்குபவர் வாய்திறக்கு முன்னரே ஆராய்பவர் கையைப் பிடித்துவிடுகின்றார். உழவுத் தொழிலில் இந்த மயக்கம் இல்லை. நெல்லை அறுத்து, சூடடித்து, களத்தில் குவித்த பின்னரே பதர் நீங்கத் தூற்றுகின்றனர். பயிர் முளைக்கும் காலத்திலேயே சுளகோடு வயலுக்குச் செல்லும் உழவர் எவரும் இலர். எழுத்துத் தொழிலில் மாத்திரம் முளைக்கும்போதே புடைக்க முற்படுகின்றோர் பலராவர்.

இம்மயக்கத்தை நீக்குதற்குக் கண்ட எளிய பயிற்சி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'ஃப்ரீரைட்டிங்' என வழங்கும் அதனைத் தமிழில் தடையற்ற எழுத்து எனலாம். அதன் விதிகள் மிகச் சில. 10 நிமிடம் என்று காலத்தை வரையறுத்துக்கொண்டு எழுதத் தொடங்க வேண்டும். அந்த 10 நிமிடமும் கை நிற்றல் கூடாது. எழுதியதைத் திரும்பிப் படித்தல் கூடாது. வெட்டுதலும் திருத்தலும் கூடா. எழுத்துப் பிழை நேர்ந்தால் நேரட்டும். சொல் கிடைக்காவிடின் "சொல் கிடைக்கவில்லை" என்பதையே எழுதலாம். முன்னர் எழுதிய சொல்லையே திரும்பத் திரும்ப எழுதலாம். அழகாக எழுத வேண்டும் என்பது விதியன்று. நிறுத்தாமல் எழுத வேண்டும் என்பதே விதி. எழுதப்பட்டதை எவருக்கும் காட்ட வேண்டியதில்லை. மதிப்பெண் இடுவோர் எவரும் இலர்.

இப்பயிற்சி ஒரே நாளில் ஒருவர் கண்டது அன்று. முதல் உலகப் போரின்போது பிரான்சு நாட்டில் மனநோயாளருக்கான மருத்துவமனையில் பணியாற்றியவர் கவிஞர் அந்திரே பிரெத்தோன். உள்ளத்தின் அடியில் உள்ளவை அறிவின் காவலைக் கடந்து வெளிவரும் வகையை அவர் அங்கே கண்டார். 1919ஆம் ஆண்டில் அவரும் அவர் நண்பர் பிலிப் சூப்போவும் மனத்தில் தோன்றியவற்றை விரைந்து எழுதிச் சென்றனர். அவ்வாறு உருவான நூல் 1920இல் வெளிவந்தது. 1924இல் பிரெத்தோன் வெளியிட்ட அறிக்கையில் இவ்வகை எழுத்து ஒரு கலை இயக்கத்தின் கொள்கையாகவே உயர்ந்தது. ஆயின் அக்குழுவினர் நாடியது கனவுலகத்தின் கதவை. சாதாரண மாந்தர் தம் அன்றாட எழுத்துக்கு இதனைப் பயன்படுத்துதல் அவர்தம் நோக்கம் அன்று.

அந்தப் பயன்பாட்டை எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த டொரதியா பிராண்ட் என்னும் பெண்மணி. எழுத விரும்புவோருக்காக அவர் 1934இல் ஒரு நூல் வெளியிட்டார். வழக்கமாக எழும் நேரத்துக்கு அரை மணி நேரம் முன்னதாக எழ வேண்டும். எவரோடும் பேசாமல், பத்திரிகை படிக்காமல், உடனே எழுதத் தொடங்க வேண்டும். எழுதியதை அப்போதைக்குப் படித்தல் ஆகாது என்பது அவர் கூறிய வழி. உறக்கம் கலைந்தும் கலையாமலும் உள்ள அவ்வேளையில் ஆராய்பவர் இன்னும் விழித்தெழவில்லை. ஆக்குபவருக்குத் தனியே பேச ஓர் இடம் கிடைக்கின்றது. இதுவே அவ்வழியின் உட்பொருள்.

இப்பயிற்சியைப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பரவச் செய்தவர் பேராசிரியர் பீற்றர் எல்போ. 1935இல் பிறந்து 2025இல் மறைந்த அவருடைய வரலாறே இப்பொருளுக்குச் சிறந்த சான்றாகும். அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் நன்மாணவராக விளங்கிய அவர், மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டிய கட்டுரைகளை அவரால் எழுத முடியவில்லை. பின்னர் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கெனச் சேர்ந்தார். அங்கும் எழுத்து வரவில்லை. படிப்பை இடையிலே விட்டு நீங்கினார். இலக்கியத்தையே வாழ்வாகக் கொள்ள விரும்பிய இளைஞர் ஒருவர், ஒரு பக்கம் எழுத இயலாமையால் அவ்வாழ்வை இழந்து நின்றார். அவர் அறியாதவர் அல்லர். ஆனால் அறிந்ததனைத்தும் அவருடைய கையைக் கட்டியிருந்தது.

சில ஆண்டுகள் ஆசிரியராகப் பணியாற்றிய பின் அவர் மீண்டும் படிக்கச் சென்றார். இம்முறை சென்றது பிராண்டைஸ் பல்கலைக்கழகத்துக்கு. எழுத்துத் தடைப்படும் போதெல்லாம் தடைப்பட்டது எவ்வாறு, தடை நீங்கியது எவ்வாறு என்று தமக்குத் தாமே குறிப்பு எழுதிச் சேர்த்துவைத்தார். ஆங்கிலக் கவிஞர் சாசரைப் பற்றிய ஆய்வை முடித்துக் கலாநிதிப் பட்டமும் பெற்றார். அக்குறிப்புகளிலிருந்து வளர்ந்ததே, 'ஆசிரியர் இன்றி எழுதுதல்' எனப் பொருள்படும் தலைப்போடு 1973இல் வெளிவந்த அவருடைய நூல். தடையற்ற எழுத்தை வாரத்துக்கு மும்முறையேனும் செய்க என்பது அந்நூலின் முதற் பாடம். எழுத முடியாது தோற்றவர் ஒருவர் தம் தோல்வியை ஆராய்ந்து கண்ட மருந்து அது.

இப்பயிற்சியால் விளையும் நன்மைகளுள் முதலாவது அச்சம் நீங்குதல். வெறுந்தாளைக் கண்டு அஞ்சுவோர் உண்மையில் தாளைக் கண்டு அஞ்சுவது இல்லை. அதில் விழப்போகும் சிவப்பு மையைக் கண்டே அஞ்சுகின்றனர். இளமையில் கொப்பியெங்கும் பிழைக்குறி கண்ட கண்கள், முதுமையிலும் அக்குறியை எதிர்பார்த்தே எழுதுகின்றன. பிழை செய்தற்கு இடமளிக்கும் 10 நிமிடம் நாள்தோறும் கிடைக்குமாயின், கைக்குப் பழைய உரம் மீள்கின்றது.

இரண்டாவது நன்மை இதனினும் பெரிது. இரவல் சொற்கள் தீர்ந்து சொந்தச் சொற்கள் தோன்றும் என்பதே அது. ஒருவர் மழையைப் பற்றி எழுத அமர்கின்றார் என்று கொள்வோம். முதல் இரண்டு நிமிடத்தில் அவர் எழுதுவன யாவை? கருமுகில் திரண்டது, மின்னல் வெட்டியது, மண்மணம் கமழ்ந்தது என்பன. இவை பிழையல்ல, ஆயினும் இவை அவருடையவை அல்ல. எல்லார் வீட்டு வாசலிலும் கிடக்கும் சொற்கள் அவை. நிதானித்து எழுதுபவர் இவ்விடத்தில் நிறுத்தி, இவற்றையே மெருகிட்டுத் திருப்தி அடைந்துவிடுவார். நிறுத்தக் கூடாது என்னும் விதிக்குக் கட்டுப்பட்டவருக்கோ அந்த வாய்ப்பு இல்லை. மூன்றாம் நிமிடத்தில் சொல் வற்றுகின்றது. "மழை, மழை, மழை" என்று எழுதுகின்றார். ஐந்தாம் நிமிடத்தில், கிடுகு வேய்ந்த பழைய வீட்டின் கூரை ஒழுகியது நினைவுக்கு வருகின்றது. ஒழுகும் இடத்தில் ஒரு பித்தளைச் செம்பு வைக்கப்பட்டிருந்தது. செம்பு வெறுமையாக இருந்தபோது துளி விழுந்த ஓசை வேறு. நீர் ஏற ஏற அவ்வோசை மாறியது. ஓசை மாறியதும் இருளில் ஒருவர் எழுந்து சென்று செம்பின் நீரைக் கொட்டிவிட்டு மீண்டும் வைப்பார். அவர் தந்தையார். மழை பெய்த இரவுகளில் அவர் உறங்கியதே இல்லை என்பது, எட்டாம் நிமிடத்தில், முதன்முறையாக மகனுக்குத் தெரிகின்றது.

அந்த மகன் தந்தையைப் பற்றி எழுத எண்ணவில்லை. எண்ணியிருப்பின் "தியாகத்தின் திருவுருவம்" என்று ஒரு தொடரை எழுதி முடித்திருப்பார். கை நில்லாது ஓடியமையால் அவர் தம் அறிவு அடையாத ஓரிடத்தை அடைந்தார். எழுதியவற்றுள் முற்பாதி தள்ளத்தக்கது. ஆயின் அம்முற்பாதியை எழுதியிராவிடின் பிற்பாதி வந்திராது. துலா மிதித்து இறைக்கும்போது முதலில் வருவது கலங்கல் நீரே. அதனைக் கண்டு இறைப்பை நிறுத்துபவர் தெளிந்த நீரைக் காண்பதில்லை.

மூன்றாவது நன்மை சிந்தனைக்கு உரியது. முதலில் எண்ணி முடித்துப் பின்னர் எழுதுக என்பது பொதுவான அறிவுரை. எழுதுவதே ஒருவகை எண்ணுதல் என்பதைத் தடையற்ற எழுத்துக் காட்டுகின்றது. கலிபோர்னியாவில் ஷெரிடன் பிளௌ என்னும் பேராசிரியர் இது தொடர்பாக ஓர் ஆய்வு செய்து 1983இல் வெளியிட்டார். மை தீர்ந்த பேனைகளை எழுதுவோரிடம் கொடுத்து, தாளின் கீழே கரித்தாளும் அதன் கீழே வேறொரு தாளும் வைத்து எழுதச் செய்தார். எழுதியது அடித்தாளில் பதியும்; எழுதுபவர் கண்ணுக்கோ ஒன்றும் தெரியாது. எழுதியதைப் பார்க்க இயலாமையால் எழுத்துக் கெடும் என்பதே எதிர்பார்ப்பு. விளைவு வேறாயிற்று. எழுத்துக் கெடவில்லை, சிலருடைய எழுத்தில் ஓட்டமும் ஒருமைப்பாடும் முன்னையிலும் மிகுந்து காணப்பட்டன. திரும்பிப் பார்த்தற்கு வழியின்மையால் கருத்திலேயே கண் நிலைத்தது என்க.

நான்காவது நன்மை தமிழ் எழுதுவோருக்குச் சிறப்பாக உரியது. பேசும் தமிழும் எழுதும் தமிழும் வேறுபட்டவை. "அவன் வந்திட்டான்" என்று நாவில் எழுவதை "அவன் வந்துவிட்டான்" என்று மாற்றியே கை எழுதுகின்றது. ஒவ்வொரு சொல்லுக்கும் இந்த மாற்றம் வேண்டப்படுதலால் ஆராய்பவருக்கு ஓய்வே இல்லை. ரகரமோ றகரமோ, ஒற்று மிகுமோ மிகாதோ என்று அவர் வினவிக்கொண்டு நிற்கையில், சொல்லவந்த செய்தி வாயிலிலேயே காத்திருந்து திரும்பிப் போய்விடுகின்றது. எல்போ தம் முதுமையில், 2012ஆம் ஆண்டில், எழுத்துக்குப் பேச்சு அளிக்கவல்ல நன்மைகளைப் பற்றி ஒரு விரிவான நூல் எழுதினார். முதற் படியைப் பேச்சின் போக்கிலேயே எழுதுக. திருத்தமான மொழிக்கு அதனைப் பின்னர் மாற்றுக என்பது அவர் கொள்கை. இதனை ஏற்பதனால் செந்தமிழுக்கு இழுக்கு நேராது. செந்தமிழ் கடைசிப் படியின் உடை. உடை தைப்பதற்கு முன் உடல் வேண்டும் அன்றோ?

விரைந்து பாடும் ஆசுகவிகள் தமிழுக்குப் புதியவர் அல்லர் என்றும், மேனாட்டுப் பயிற்சி எதற்கென்றும் சிலர் வினவக்கூடும். இரண்டும் ஒன்றல்ல. ஆசுகவி யாப்பையும் அணியையும் பல்லாண்டு பயின்று, கற்றவை யாவும் இரத்தத்தில் கலந்தபின் விரைபவர். திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாயால் சொல்லச் சொல்ல மாணவர் ஏட்டில் எழுதினர் என்பதை உ. வே. சாமிநாதையர் பதிவுசெய்துள்ளார். அந்த வேகம் முதிர்ந்த புலமையின் கனி. தடையற்ற எழுத்தின் வேகமோ கற்றுக்குட்டிக்கும் உரியது. இங்கு யாப்பும் இல்லை, அவையும் இல்லை. எனினும் இரண்டிற்கும் ஓர் ஒற்றுமை உண்டு. சொல் பிறக்கும் கணத்தில் புலவரும் கற்றுக்குட்டியும் தம்மை ஐயுறுவதில்லை.

இன்னொரு மறுப்பும் உண்டு, அது கனமானது. எழுத்து என்பது பொறுப்பு. மனம் போனபடி கிறுக்குவது இலக்கியமாகுமா என்பது அம்மறுப்பு. ஆகாது என்பதே விடை. இப்பயிற்சியைக் கற்பித்தோரும் ஆகும் என்று கூறவில்லை. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரவாக் 1951ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், ஏறக்குறைய மூன்று வாரத்தில் ஒரு நாவலைத் தட்டெழுத்துப் பொறியில் எழுதினார் என்பது புகழ்பெற்ற செய்தி. தாள் மாற்றும் நேரமும் வீணாகலாகாது என்று தாள்களை ஒட்டிச் சுருளாக்கிக்கொண்டார். சுருளின் நீளம் ஏறக்குறைய 120 அடி. இளைஞர் பலர் இச்செய்தியில் பாதியை மாத்திரம் கேட்டு மயங்குகின்றனர். மறுபாதி யாது? அதற்கு முன் சில ஆண்டுகளாக அவர் அப்பயணங்களைப் பற்றிக் குறிப்பேடுகளில் எழுதி வந்தார். அதற்குப் பின்னும் பல திருத்தங்கள் நிகழ்ந்தன. நூல் வெளிவந்தது 1957இல். மூன்று வாரம் ஆக்குபவருக்கு உரியது. பின்வந்த ஆண்டுகளில் ஆராய்பவருக்கும் பங்கு இருந்தது. ஆராய்பவரை நாடு கடத்துதல் இப்பயிற்சியின் நோக்கமன்று. அவருடைய முறை வரும்வரை அவரை வெளியே இருக்கச் செய்தலே நோக்கம்.

மனத்துயரை எழுதி ஆற்றுதலும் இதனோடு உறவுடைய ஒரு துறை. உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவர் துணைவர் ஒருவரும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் சிலர் தம் வாழ்வின் கொடிய அனுபவத்தைப் பற்றி நாள்தோறும் 15 நிமிடமாக நான்கு நாள் எழுதினர். நிகழ்ந்ததையும் அதனால் உற்ற உணர்ச்சியையும் சேர்த்து எழுதியோர், பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்தை நாடியது மற்றவரிலும் குறைவாக இருந்தது. ஆயினும் எழுதி முடித்த வேளையில் அவர்கள் மனம் முன்னையிலும் கலங்கியே இருந்தது என்பதும் அதே ஆய்வின் முடிபு. எனவே ஆறாத காயத்தை எழுத்தால் தொடுவோர், தாங்கும் அளவறிந்து தொடுதல் நன்று. எழுதும்போது உள்ளம் பொறுக்காது என்று கண்டால் வேறு பொருளுக்குக் கையைத் திருப்பிவிடலாம். அதற்கும் இப்பயிற்சியில் தடையில்லை.

பயிற்சியைத் தொடங்க விரும்புவோருக்கு வேண்டியவை ஓர் அப்பியாசக் கொப்பி, ஒரு பேனை, ஒரு மணிக்கூடு. கணினியில் எழுதுவோர் திரையை அணைத்துவிட்டு எழுதலாம். அதிகாலை சிறந்தது, வாய்க்காவிடின் வீடு அடங்கிய இரவு வேளையும் ஏற்றதே. 10 நிமிடம் முடிந்ததும் கொப்பியை மூடிவிட வேண்டும். ஒரு வாரம் சென்றபின் எழுதியவற்றை எடுத்துப் படித்து, உயிருள்ளதாகத் தோன்றும் ஒரு வரியின் கீழே கோடிடுக. எழுபது நிமிட எழுத்தில் அத்தகைய வரி ஒன்றே கிடைப்பினும் அது நட்டமன்று. அவ்வரியைத் தலைப்பாகக் கொண்டு மீண்டும் 10 நிமிடம் எழுதுக. எல்போ கூறும் வழி இன்னும் திட்டமானது. ஒரு கட்டுரைக்கு நான்கு மணி நேரம் இருப்பின், அதனை ஒருமுறை நான்கு மணி நேரம் எழுதாமல், மணிக்கொருமுறையாக நான்கு முறை எழுதுக என்கின்றார். ஒவ்வொரு முறையும் எழுதியதன் சாரத்தை ஒரே வாக்கியத்தில் திரட்டி, அதிலிருந்து அடுத்த முறையைத் தொடங்க வேண்டும். நான்காம் முறையிலேதான் ஆராய்பவர் அழைக்கப்படுகின்றார். அப்போது அவருக்குச் செய்ய வேலை இருக்கின்றது. தூற்றுதற்குக் களத்தில் நெல் குவிந்திருக்கின்றது.

இதனால் எல்லாரும் எழுத்தாளர் ஆகிவிடுவர் என்று கூறுதல் மிகையாகும். எல்லாரும் எழுத்தாளர் ஆக வேண்டியதும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு வீட்டிலும் ஒழுகும் கூரையின் கீழ் விழித்திருந்தார் ஒருவர் உண்டு. அவரைக் கண்டவர்கள் வாழும் காலத்திலேயே அது எழுதப்படாவிடின், பிறகு எழுதுவார் இலர். எழுத்து நமக்கு வராது என்று மூடிவைத்த கொப்பிகளுள் எத்தனை தந்தையரும் தாயரும் மறைந்து கிடக்கின்றனர் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர்களை வெளிக்கொணர அரிய சொற்கள் தேவையில்லை. நாளுக்கு 10 நிமிடம் கையை நிறுத்தாதிருந்தால் போதும்.